இந்திய மக்கள்தொகைக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பாட்டி பெற்றது ஒன்பது, தங்கியது ஆறு. அம்மாவுக்கு நாங்கள் மூன்று பேர். எனக்கு ஒரே மகள். இந்தியாவின் மக்கள்தொகை வரலாற்றை மூன்று வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பிறப்பு, இறப்பு அட்டவணைகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுவது என் வேலை. தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

இந்தியாவின் மக்கள்தொகை இப்போது எவ்வளவு?

எண்ணிய கணக்கு வேண்டுமா, கணித்த கணக்கு வேண்டுமா? கடைசியாக வீடு வீடாகப் போய் எண்ணியது 2011இல். அப்போது 121 கோடியே 8 லட்சம். அதற்குப் பிறகு நீங்கள் கேள்விப்படும் எல்லாமே கணிப்புதான். ஐ.நா.வின் 2024ஆம் ஆண்டுக் கணிப்பு சுமார் 145 கோடி என்கிறது. 2023 ஏப்ரலில் சீனாவை முந்திவிட்டோம் என்று செய்தி வந்ததே, அதுவும் கணிப்பின்படிதான். எல்லையில் யாரும் நின்று தலை எண்ணவில்லை.

ஏன் 2011க்குப் பிறகு எண்ணவில்லை?

1872இல் ஒரு முயற்சி நடந்தது. ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் நடக்கவில்லை. 1881இலிருந்துதான் நாடு முழுவதற்குமான ஒழுங்கான சென்சஸ். அதிலிருந்து 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற வரிசை ஒரு தடவைகூடத் தவறவில்லை. இரண்டாம் உலகப்போர் நடந்த 1941இல்கூட எண்ணினார்கள், அட்டவணைகளைத்தான் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். 2021இல் கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். கொரோனா போன பிறகும் தேதி தள்ளிக்கொண்டே போனது.

2025 ஜூன் 16 அன்றுதான் அறிவிக்கை வெளியானது. அதன்படி கணக்கெடுப்புக்கான அடிப்படை நாள் 2027 மார்ச் 1. லடாக், ஜம்மு காஷ்மீரின் பனி மூடும் பகுதிகள், இமாச்சல், உத்தராகண்ட் மலைகள் ஆகியவற்றுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. முதலில் வீடுகளைப் பட்டியலிடுவார்கள், அப்புறம் ஆட்களை எண்ணுவார்கள். காகிதத்துக்குப் பதில் கைப்பேசிச் செயலி. எல்லாச் சாதியினரின் எண்ணிக்கையும் 1931க்குப் பிறகு இப்போதுதான் சென்சஸில் வரப்போகிறது.

எண்ணாமல் விட்டதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமங்களில் 75 விழுக்காட்டினர் வரை, நகரங்களில் 50 விழுக்காட்டினர் வரை மானிய தானியம் தரச் சொல்கிறது. எதன் 75 விழுக்காடு? 2011 மக்கள்தொகையின். அதற்குப் பிறகு கூடிய கோடிக்கணக்கானவர்களுக்கு அந்த வாய்ப்பாட்டில் இடமில்லை.

சென்சஸே நடக்காதபோது பிறப்பு வீதம், இறப்பு வீதமெல்லாம் எப்படி வருகிறது?

மூன்று வழிகள். ஒன்று, பிறப்பு இறப்புப் பதிவேடு. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் பதிவாக வேண்டும். இரண்டாவது, தேசியக் குடும்ப நல ஆய்வு. 1992-93இல் தொடங்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லட்சக்கணக்கான வீடுகளில் பெண்களிடம் நேரில் கேட்டு எடுப்பது. மூன்றாவது மாதிரிப் பதிவு முறை, அதாவது எஸ்.ஆர்.எஸ். எனக்குப் பிடித்தது இதுதான்.

எஸ்.ஆர்.எஸ். நடப்பது இப்படி. நாடு முழுக்கச் சுமார் 8,800 கிராமப் பகுதிகளையும் நகரப் பகுதிகளையும் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் உள்ளூர்க்காரர் ஒருவர், பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளர் அல்லது ஆசிரியர், பகுதிநேரமாகக் குறிப்பெடுப்பார். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் வீட்டில் சாவு விழுந்தது, எந்த மருமகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள் என்பதெல்லாம் நடக்க நடக்க அவர் நோட்டில் ஏறிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் ஒருவர் வருவார். அவர் இந்த நோட்டைப் பார்க்காமலே வீடு வீடாகத் தனியாக விசாரித்து எழுதுவார். அப்புறம் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத பெயர் இருந்தால், திரும்ப அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். பிறந்த சில மணி நேரத்தில் இறந்துபோகும் குழந்தைதான் பெரும்பாலும் விட்டுப்போகும். அதைப்பற்றி வீட்டார் பேச மாட்டார்கள், கேட்பவருக்கும் வாய் வராது. இரண்டு பேர் தனித்தனியாக விசாரிப்பதே அந்தக் குழந்தையையும் கணக்கில் சேர்க்கத்தான். 1960களின் நடுவில் சோதனையாகத் தொடங்கி 1970 வாக்கில் நாடு முழுக்கப் பரவிய முறை இது.

பிறப்பு வீதம் 18.4 என்றால் என்ன அர்த்தம்?

ஆயிரம் பேர் உள்ள ஊரில் ஓராண்டில் 18.4 குழந்தைகள் பிறக்கின்றன என்று பொருள். இது 2023ஆம் ஆண்டு எஸ்.ஆர்.எஸ். கணக்கு. அதே ஆண்டு இறப்பு வீதம் 6.4. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஆயிரத்துக்கு 12. அதாவது ஆண்டுக்கு 1.2 விழுக்காடு இயற்கை வளர்ச்சி. 1971இல் பிறப்பு வீதம் 36.9, இறப்பு வீதம் 14.9. அன்று வளர்ச்சி ஆயிரத்துக்கு 22. இப்போது கிட்டத்தட்டப் பாதி.

2022இல் பதிவான பிறப்புகள் சுமார் 2 கோடியே 54 லட்சம். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 48 குழந்தைகள். நீங்கள் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் இரண்டு மூன்று பள்ளிகளை நிரப்பும் அளவுக்குப் பிள்ளைகள் பிறந்துவிடுகின்றன, நீங்கள் மெதுவாகக் குடிப்பவராக இருந்தால்.

குடும்பத்துக்கு இரண்டு பிள்ளைக்கும் குறைவுதான் என்கிறீர்கள். அப்புறம் ஏன் மக்கள்தொகை ஏறிக்கொண்டே போகிறது?

அதிகம் குழப்பும் கேள்வி இதுதான். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையை மொத்தக் கருவள வீதம் என்பார்கள். 1971இல் அது 5.2. 2019-21 குடும்ப நல ஆய்வில் 2.0. 2023 எஸ்.ஆர்.எஸ். கணக்கில் 1.9. தாய் தந்தை இருவரின் இடத்தை இரண்டு பிள்ளைகள் நிரப்ப வேண்டும், வளர்வதற்குள் இறந்துபோகிறவர்களுக்கும் ஆண் குழந்தை சற்றுக் கூடுதலாகப் பிறப்பதற்கும் சேர்த்து 2.1 வேண்டும். நாம் அதற்கும் கீழே வந்துவிட்டோம்.

ஆனாலும் தொகை ஏறுகிறது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியைப் பாருங்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள் ஒரு வரிசை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஐந்தாறு வரிசை. சாகும் வயதில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர், பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் ஏராளம். அந்த ஏராளமானவர்கள் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பெற்றாலே பிறப்பு இறப்பைத் தாண்டிவிடும். ஓடும் பேருந்தில் பிரேக் போட்டாலும் கொஞ்ச தூரம் போய்த்தானே நிற்கும்? நாம் பிரேக் போட்டது நிஜம். வண்டி நிற்பது 2060களின் தொடக்கத்தில், சுமார் 170 கோடியில் என்பது ஐ.நா. கணிப்பு. அதற்குப் பிறகு இறங்குமுகம்.

இந்தியாவில் மக்கள்தொகை எப்போதாவது குறைந்திருக்கிறதா?

1911க்கும் 1921க்கும் இடையில். 25.2 கோடியாக இருந்தது 25.1 கோடி ஆனது. 1918இன் விஷக்காய்ச்சல் மட்டுமே இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. 1921ஐப் பெரும் பிரிவினை ஆண்டு என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் சொல்வார்கள். அதற்கு முன் ஏறியும் இறங்கியும் தடுமாறியது, பின்னர் ஒரே ஏற்றம்.

1940களில் சராசரி ஆயுள் 32 என்கிறார்களே. எல்லாரும் முப்பதிலேயே போய்ச் சேர்ந்தார்களா?

இல்லை. சராசரியை இழுத்துக் கீழே தள்ளியது குழந்தைச் சாவு. என் பாட்டியின் ஒன்பதில் மூன்று ஐந்து வயதுக்குள் போனது. மீதி ஆறு பேரும் ஐம்பதைத் தாண்டினார்கள். ஒன்பது வயதுகளையும் கூட்டி வகுத்துப் பாருங்கள், அந்த வீட்டில் யாருமே வாழாத ஒரு வயது விடையாக வரும்.

1971இல் பிறந்த ஆயிரத்தில் 129 சிசுக்கள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2023இல் அது 25. கேரளத்தில் 5, மத்தியப் பிரதேசத்தில் 37. ஒரே நாடு, ஒரே ஆண்டு. பேறுகால மரணத்திலும் இதே கதைதான்: 2018-20 கணக்கில் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு நாட்டின் சராசரி 97, கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, அசாமில் 195. சராசரி ஆயுள் இன்று எழுபதை ஒட்டி நிற்கிறது.

கேரளத்தின் இறப்பு வீதம் பீகாரைவிட அதிகமாமே? அங்கே மருத்துவம் மோசமா?

2020 கணக்கில் கேரளம் 7.0, பீகார் 5.4. எண் சரிதான், அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு. கேரளத்தில் முதியவர்கள் அதிகம், பீகாரில் இளையவர்கள் அதிகம். முதியோர் நிறைந்த தெருவில் சாவு அதிகம் விழுவதற்கு மருத்துவர் என்ன செய்வார்? ஒரே வயதுக்காரர்களை எடுத்து ஒப்பிட்டால் நிலைமை தலைகீழாகும். செய்தித்தாளில் இரண்டு மாநிலங்களின் இறப்பு வீதத்தை அப்படியே பக்கத்தில் வைத்துப் பேசியிருந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் குறைந்தது?

தமிழ்நாடு மட்டும் இல்லை. கேரளம் 1988 வாக்கிலேயே 2.1க்கு வந்துவிட்டது, நாம் 1993 வாக்கில். 2023இல் தமிழ்நாட்டின் கருவள வீதம் 1.3. அதே கணக்கில் பீகார் 2.8.

காரணம் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், கல்யாண வயது தள்ளிப்போனது. 1982இல் விரிவாக்கிய சத்துணவுத் திட்டம் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தியது. பெரியார் 1930களிலேயே கர்ப்பத்தடையைப் பெண்ணின் உரிமையாகப் பேசினார், நாட்டுக்குப் பாரம் என்பதற்காக அல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. இன்று இங்கே ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். என் கணிப்பில் இவற்றில் கனமானது குழந்தை பிழைக்கும் என்ற உறுதி. பெற்றது தங்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் பாட்டி தன் மகளிடம் "ரெண்டு போதும்டி" என்றார். அம்மா மூன்றோடு நின்றார், அது தனிக்கதை.

"நாம் இருவர், நமக்கு இருவர்" சுவர் விளம்பரமும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணமும் உதவினவா என்றால், உதவியிருக்கும். ஆனால் அதே முக்கோணம் பீகார் சுவர்களிலும்தான் இருந்தது.

நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடைதானே பிறப்பைக் குறைத்தது?

இல்லை. தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை முதலில் தொடங்கிய நாடு இந்தியா, 1952இல். 1976-77இல் ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள் நடந்தன. அதில் பெரும்பகுதி ஆண்களுக்கு. அந்தக் கொடுமைக்குப் பிறகு ஆண்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பாரம் முழுக்கப் பெண்கள் மேல் விழுந்தது. 2019-21 ஆய்வில் கருத்தடை செய்துகொண்ட பெண்கள் 37.9 விழுக்காடு, ஆண்கள் 0.3 விழுக்காடு. ஆணுக்கான அறுவைதான் எளியது, சில நிமிட வேலை. இந்த 0.3ஐ ஒவ்வொரு முறை அட்டவணையில் பார்க்கும்போதும் எனக்குக் கோபம் வரும்.

ஆயிரம் ஆண்களுக்கு 1,020 பெண்கள் ஆகிவிட்டார்களாமே?

அது 2019-21 குடும்ப நல ஆய்வில் வந்த எண். முந்தின இரவு வீட்டில் தங்கியவர்களை மட்டும் கணக்கில் எடுத்து எழுதியது. வேலைக்கு வெளியூர் போய்க் கொட்டகையிலும் விடுதியிலும் தங்கும் ஆண்கள் அதில் விட்டுப்போவார்கள். சென்சஸ் 2011இல் 943தான்.

உண்மையில் பார்க்க வேண்டியது பிறக்கும்போதுள்ள விகிதம். தலையிடாமல் விட்டால் ஆயிரம் ஆண் குழந்தைக்கு 950 பெண் குழந்தை பிறக்கும். அதே ஆய்வில் வந்தது 929. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 2001இல் 927 ஆக இருந்தது 2011இல் 919 ஆனது. 1994இல் சட்டம் போட்டுக் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுத்த பிறகும் இப்படி. பெண் சிசுக்கொலைக்காகப் பேசப்பட்ட உசிலம்பட்டியையும், 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் வந்தது என்பதையும் நினைவில் வைத்திருப்பவர்கள், நம்மூர் மட்டும் சுத்தம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரு மதத்தவர் வேகமாகப் பெருகி மற்றவர்களை மிஞ்சிவிடுவார்கள் என்று வாட்ஸாப்பில் வருகிறதே?

1992-93இல் முஸ்லிம் பெண்களுக்குச் சராசரி 4.4 பிள்ளைகள், இந்துப் பெண்களுக்கு 3.3. 2019-21இல் 2.4, 1.9. இரண்டும் இறங்கியது, முஸ்லிம்களிடையே வேகமாக இறங்கியது. கேரளத்து முஸ்லிம் பெண்ணைவிடப் பீகாரின் இந்துப் பெண்ணுக்குச் சராசரியில் பிள்ளைகள் அதிகம். மதத்தைவிட ஊரும் படிப்பும்தான் பேசுகின்றன.

கொரோனாவில் எத்தனை பேர் இறந்தார்கள்?

2021 முடிய அரசு சொன்ன கொரோனா சாவுகள் சுமார் 4.8 லட்சம். 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் வழக்கத்தைவிடக் கூடுதலாக 47 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. பதிவேட்டைப் பார்ப்போம்: 2020இல் 81 லட்சம் இறப்புகள், 2021இல் 1 கோடியே 2 லட்சம், 2022இல் 86 லட்சத்துக்குச் சற்று மேல். பதிவு செய்யும் பழக்கம் ஆண்டுக்கு ஆண்டு கூடுவதால் ஏற்றம் முழுவதையும் நோயின் தலையில் போட முடியாது. ஆனால் பழக்கம் மட்டும் காரணமென்றால் 2022இல் எண் இறங்கியிருக்காது.

இதில் ஒரு அடிப்படைக் கோளாறு உண்டு. பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பது நான்கில் ஒன்றுக்கும் குறைவு. மற்றவர்கள் எதனால் இறந்தார்கள் என்பது "நெஞ்சு வலின்னாங்க" அளவில் நின்றுவிடுகிறது.

மக்கள்தொகைக்கும் எம்.பி. தொகுதிகளுக்கும் என்ன சம்பந்தம்?

எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்பது இன்னும் 1971 சென்சஸை வைத்தே நிற்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டில் நன்றாகச் செய்த மாநிலம் இடங்களை இழக்கக் கூடாது என்று 1976இல் 42ஆவது திருத்தத்தால் உறையவைத்தார்கள். 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு வரும் முதல் சென்சஸ் வரை நீட்டியது. 2027 சென்சஸ் என்றதும் தெற்கில் சத்தம் கேட்பது இதனால்தான்.

ராஜஸ்தானையும் தமிழ்நாட்டையும் மட்டும் பாருங்கள். 1971இல் ராஜஸ்தான் 2.58 கோடி, தமிழ்நாடு 4.12 கோடி. 2011இல் 6.85 கோடி, 7.21 கோடி. கிட்டத்தட்டச் சமம். எம்.பி.க்களோ அங்கே 25, இங்கே 39. ஒரு வாக்குக்கு ஒரே மதிப்பு என்று பார்த்தால் ராஜஸ்தான்காரர் கேட்பது நியாயம். சொன்னபடி நடந்தவனுக்குத் தண்டனையா என்று நாம் கேட்பதும் நியாயம். இதற்குப் புள்ளிவிவரத்தில் விடை கிடையாது. அரசியலில்தான் தேட வேண்டும்.

இப்போது அதிகம் பெற்றுக்கொள்ளச் சொல்கிறார்களே?

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அப்படிப் பேசினார். அதே வாரத்தில் ஒரு கல்யாண மேடையில் மு.க. ஸ்டாலின் பதினாறு பிள்ளைகள் பெறலாமோ என்று மக்கள் எண்ணும் நிலை வந்துவிட்டது என்றார், தொகுதி மறுவரையறையைக் குறிவைத்து. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு என்பதில் உள்ள பதினாறு பிள்ளைகள் அல்ல, பேறுகள், அதாவது செல்வங்கள். மேடையில் அதையும் சொல்லித்தான் பேசினார்.

பேச்சால் பிறப்பு கூடிய நாடு எதுவும் எனக்குத் தெரியாது. முதுமை மட்டும் கண்ணெதிரே வந்துகொண்டிருக்கிறது. 2023 கணக்கில் அறுபதைத் தாண்டியவர்கள் கேரளத்தில் 15 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14. நாட்டுக்கே 2050 வாக்கில் ஐந்தில் ஒருவர் முதியவர் என்கிறது கணிப்பு.

பிறப்புச் சான்றிதழுக்கு எத்தனை நாள் அவகாசம்?

21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். ஓராண்டு வரை எழுத்துமூல அனுமதி வேண்டும். அதற்கும் மேல் போனால் நிர்வாக நடுவரின் உத்தரவு. மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் கொடுக்க வேண்டும். கிராமத்தில் வீட்டில் பிறந்தால் வி.ஏ.ஓ.விடம் போக வேண்டும். பெயர் வைக்காமலே பதியலாம், பின்னால் பதினைந்து ஆண்டுகள் வரை சேர்க்க வழி உண்டு. 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு, பள்ளியில் சேர்ப்பதிலிருந்து பல இடங்களில் பிறந்த தேதிக்கு ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். அச்சடித்துக் கையில் வாங்கும்போதே எழுத்துக்கு எழுத்துப் படித்துவிடுங்கள். என் மகளின் சான்றிதழில் என் இனிஷியல் மாறிப்போய், அதைத் திருத்த நான்கு முறை நடந்தேன்.

வயதே தெரியாதவர்களின் வயதை எப்படி எழுதுகிறார்கள்?

2011 சென்சஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. பாட்டியிடம் வயது கேட்டார். "தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்ப நாலாவது கைப்பிள்ளை" என்றார் பாட்டி. புயல் 1964 டிசம்பர். ஆசிரியை விரல் விட்டுக் கணக்குப் போட்டு, "எழுபத்தஞ்சு போட்டுக்கவா பாட்டி?" என்று கேட்டார். "உனக்கு எது வசதியோ போட்டுக்கோ."

இப்படித்தான் சென்சஸின் வயது வரைபடத்தில் 40, 45, 50, 60 ஆகிய இடங்களில் கோபுரமும் 41, 49, 61 ஆகிய இடங்களில் பள்ளமும் வருகிறது. அட்டவணையை வெளியிட்ட பிறகு அதைச் சமன் செய்யத் தனிக் கணித முறைகளே உண்டு. பாட்டியின் ஆதார் அட்டையில் பிறந்த தேதி சனவரி 1 என்று இருந்தது. அவர் தோழிகள் இரண்டு பேருக்கும் அதே தேதிதான்.